செருப்புக்குக் காவல் இருக்கும் பிள்ளைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக்கூட மைதானம். காலை பத்து மணி வெயில். தூரத்தில் குமுளி மலை நீலமாகத் தெரிகிறது. மைதானத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு, கபடி ஆட்டம் நடக்கிறது. குறுவட்டப் போட்டி. சுற்றிலும் பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள். நமக்கும் உற்சாகம் தாங்கவில்லை.

வேப்ப மரத்தடியில் ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். அவளைச் சுற்றி ஜோடி ஜோடியாகச் செருப்புகள், புத்தகப் பைகள், தண்ணீர் பாட்டில்கள்.

"நீ விளையாடலையா பாப்பா?" என்று கேட்டேன்.

"நான் ஆட்டத்துல சேத்தி இல்ல சார். செருப்புக்குக் காவல்" என்றாள்.

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. அதுவும் ஓர் உத்தியோகம் என்பது போலப் பெருமையாகவே சொன்னாள். அந்தப் பெருமைதான் என்னைச் சுட்டது!

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். தேனி மாவட்டத்திலே எந்தப் பள்ளிக்கூடமாகவும் அது இருக்கலாம். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம். நான் படித்த பள்ளிக்கூடத்திலும் எட்டாம் வகுப்பில் ஒரு நாள் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். "நீ போய்க் கணக்குப் போடு" என்று ஒரே வரியில் தீர்ப்பு முடிந்தது. அதன் பிறகு பள்ளிப் படிப்பு முடியும் வரை மைதானத்தில் எனக்கு வேலை இருக்கவில்லை. கணக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி எதற்காக? சிலரைப் பொறுக்கி எடுப்பதற்கா, எல்லோரையும் ஓட வைப்பதற்கா? இந்தக் கேள்வியை இன்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

கபடியில் களத்தில் நிற்பவர் 7 பேர். வாலிபாலில் 6 பேர். கூடைப்பந்தில் 5 பேர். கோ-கோவில் 9 பேர். கூட்டினால் 27. பெண் பிள்ளைகளுக்கும் அதே அளவு என்றால் 54. மாற்று ஆட்டக்காரர்கள், ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் ஒரு பள்ளிக்கு நூறு பேர் தேறலாம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மீதித் தொள்ளாயிரம் பேர் என்ன செய்கிறார்கள்? கை தட்டுகிறார்கள். செருப்புக்குக் காவல் இருக்கிறார்கள்.

இந்தத் தொள்ளாயிரம் பேருக்கும் உடம்பு உண்டு. எலும்பு உண்டு, இதயம் உண்டு. 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடம்பை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என்று, 2016-ஆம் ஆண்டின் உலகக் கணக்கை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு சொல்லியது. கையில் செல்போன் வந்த பிறகு பிள்ளைகளின் கட்டை விரல் மட்டும்தான் தேகப்பயிற்சி செய்கிறது!

பள்ளிக்கூடத்திலாவது ஓடட்டும் என்றால், அங்கே இருக்கும் பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொள்கிறார். அந்தக் கடன் என்றைக்காவது திரும்பி வந்ததாகச் சரித்திரம் உண்டா? எட்டாம் வகுப்பு வரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுச் சாமான்கள் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வந்து போகிறவர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எப்படிக் கவனிப்பார்? தெரிந்த பத்துப் பேரைத் தயார் செய்து, ஒரு கோப்பையை வாங்கிக் கொடுத்துத் தம் வேலையைக் காட்டுவார். அவர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோப்பையைத்தானே நாமும் கேட்கிறோம்!

போட்டியே வேண்டாமா?

"அப்படியானால் போட்டியை ஒழித்து விடலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். தோற்றால் பிள்ளையின் மனம் நோகும், ஆகையால் யாருக்கும் பரிசு வேண்டாம், அல்லது எல்லோருக்கும் ஒரே பரிசு கொடுத்து விடலாம் என்பது அவர்கள் அபிப்பிராயம். நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளைகள் ஏமாளிகள் அல்லர். எல்லோருக்கும் கொடுக்கிற பரிசுக்கு மதிப்பில்லை என்பது இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். இரண்டு சிறுவர்களை ஒரு வரப்பில் விட்டுப் பாருங்கள். யார் முதலில் ஓடுவது என்று அவர்களே பந்தயம் கட்டிக் கொள்வார்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோரை இழந்து, பாட்டியால் வளர்க்கப்பட்ட பெண். பள்ளிப் போட்டி ஒன்றில் வெறுங்காலோடு ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர் அந்த ரேவதி வீரமணி. பள்ளிப் போட்டி என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவர் ஓடுவது யார் கண்ணில் பட்டிருக்கும்? பணக்காரப் பிள்ளைக்குப் பயிற்சிக் கூடம் இருக்கிறது, சம்பளம் கொடுத்து வைத்த பயிற்சியாளர் இருக்கிறார். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிப் போட்டி ஒன்றுதான் வாசல். அதை மூடச் சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்த வாசலுக்கு அப்பால் சோறும் இருக்கிறது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் இடம் உண்டு. ஏலத் தோட்டக் கூலியின் மகளுக்கு ஒரு சான்றிதழ் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக் கூடும். ஆகவே போட்டி வேண்டும். அதில் சந்தேகமில்லை.

நம் சண்டையெல்லாம் அது நடக்கும் முறையோடுதான்.

ஒரே ஆட்டம், ஊருக்குப் பஸ்!

குறுவட்டப் போட்டி என்றால் என்ன? சுற்று வட்டாரப் பள்ளிகள் கூடி ஆடுவது. அதில் வென்றவர்கள் மாவட்டத்துக்குப் போவார்கள். அங்கிருந்து மாநிலம். குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு என்று பெயர்கள். இதில் குழு ஆட்டங்களை நாக்-அவுட் முறையில் நடத்துவது சுலபமான வழி. தோற்றவன் வெளியே!

16 பள்ளிகள் கபடிக்கு வருகின்றன என்று வைத்துக் கொள்வோம். நாக்-அவுட் முறையில் மொத்தம் 15 ஆட்டம். முதல் சுற்றிலேயே 8 பள்ளிகள் மூட்டை கட்டி விடும். மாதக் கணக்கில் பயிற்சி செய்து, வீட்டில் கெஞ்சி பஸ்ஸுக்குக் காசு வாங்கி, விடியற்காலையில் எழுந்து வந்த பிள்ளைகள் அரை மணி நேரம் ஆடிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். எந்தப் பிள்ளைக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைக்குக் குறைந்த ஆட்டம். ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவனுக்கு நான்கு ஆட்டம். இது என்ன நியாயம்? படிக்காத பிள்ளையை முதல் பரீட்சையோடு வீட்டுக்கு அனுப்பி விட்டு, முதல் மார்க் வாங்கியவனுக்கு மட்டும் பாடம் நடத்துவது போல் இல்லையா?

அதே 16 பள்ளிகளை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் எல்லோருடனும் ஆடட்டும். பிரிவுக்கு 6 ஆட்டம். நான்கு பிரிவுக்கு 24. அரை இறுதி, இறுதி சேர்த்து 27. கடைசியாக வருகிற பள்ளிக்கும் மூன்று ஆட்டம் கிடைக்கும். முதல் ஆட்டத்தில் நடுங்கிய பிள்ளை மூன்றாவது ஆட்டத்தில் தொடை தட்டும்!

"நேரம் ஏது? மைதானம் ஏது?" என்று கேட்பார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். டவுன் பஸ் ஓடுகிறது. எல்லாவற்றையும் இரண்டே நாளில் ஒரே மைதானத்தில் நடத்தியாக வேண்டும் என்று யார் சொன்னது? சனிக்கிழமை தோறும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஆடிக் கொண்டு வரலாமே.

பிறந்த தேதி செய்யும் தந்திரம்

இன்னொரு விஷயம். போட்டிகளை 14, 17, 19 வயது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஜனவரி முதல் தேதியை எல்லையாக வைத்தால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே அணியில் நிற்பார்கள். இருவருக்கும் பதினொரு மாத வித்தியாசம். பன்னிரண்டு வயதில் பதினொரு மாதம் என்பது இரண்டு அங்குல உயரம், ஒரு சுற்றுப் பருமன். மூத்தவன் பெரியவனாகத் தெரிவான். அவனைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்ததால் பயிற்சி கிடைக்கும். பயிற்சி கிடைத்ததால் மறு வருஷமும் அவனே! கனடா நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைக் கணக்கெடுத்து, 1985-ல் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருந்தார்களாம். திறமை என்று நாம் நினைத்ததில் பாதி, காலண்டர்!

ஆகையால் பன்னிரண்டு வயதில் "இவன் தேற மாட்டான்" என்று எந்தப் பிள்ளையையும் ஒதுக்கக் கூடாது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. ஊரில் இருந்த எல்லோரும் அவரைத் திண்ணையில் உட்கார வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியரோ, "உயரம் தாண்டிப் பார்" என்றார். 2016-ல் ரியோவில் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிஸில் வெண்கலம். அந்த ஆசிரியர் கோப்பையை மட்டும் எண்ணுகிறவராக இருந்திருந்தால் இந்தப் பதக்கங்கள் நமக்கு ஏது?

தெருவில் இருந்த ஞானம்

இதற்கெல்லாம் மேல்நாட்டுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நம் தெருப் பிள்ளைகளுக்கே இந்த ஞானம் இருந்தது.

கிளித்தட்டோ சடுகுடுவோ ஆடுவதற்கு முன்னால் உத்தி பிரிப்பார்கள். நினைவிருக்கிறதா? கிட்டத்தட்டச் சம பலமுள்ள இரண்டு பேர் தோள்மேல் கை போட்டுக் கொண்டு ஒதுங்கிப் போவார்கள். ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக் கொண்டு திரும்பி வருவார்கள். "முல்லையாத்து மீனு வேணுமா? மேகமலை மேகம் வேணுமா?" என்று தலைவர்களைக் கேட்பார்கள். மீனைக் கேட்டவனுக்கு ஒருவன், மேகத்தைக் கேட்டவனுக்கு மற்றவன். யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. யாரும் கடைசியாக மிஞ்சி நின்று அவமானப்படவில்லை. இரண்டு பக்கமும் பலம் சமம். ஆகவே ஆட்டமும் ருசிக்கும்.

சரி, ஆடத் தெரியாத தம்பியோ தங்கையோ கூட வந்து அழுதால்? "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக் கொள்வார்கள். சொல் அவ்வளவு நல்ல சொல் இல்லை. இன்று அதை விட்டுவிடலாம். ஆனால் ஏற்பாடு எவ்வளவு உயர்ந்தது! அந்தக் குழந்தை அவுட் ஆனாலும் அவுட் இல்லை. அதுவும் கூடவே ஓடும். அடுத்த வருஷம் தானே ஆட்டக்காரன் ஆகிவிடும்.

சடுகுடுவையே பாருங்கள். அவுட் ஆனவன் வெளியே போவான். எதிராளியில் ஒருவனை நம் ஆள் தொட்டு விட்டு வந்தால், வெளியே நின்றவன் உயிர் பெற்று மறுபடியும் உள்ளே வருவான். தோற்றவனுக்கு மறுபிறவி கொடுக்கும் ஆட்டம் அது! அந்த ஆட்டத்தையே நாக்-அவுட் முறையில் நடத்தி, பிள்ளைகளை ஒரேயடியாக வெளியே தள்ளுகிறோம் என்றால் வேடிக்கையாக இல்லையா?

பாரதியார் பெயரால் போட்டி நடத்துகிறோம். அந்தக் கவிஞர் தமது 'பாப்பா பாட்'டில் சும்மா உட்காராமல் விளையாடச் சொன்னார். சேர்ந்து ஆடச் சொன்னார். மற்றக் குழந்தையைத் திட்டாதே என்றும் சொன்னார். முதலாவதாக வா என்று எந்த வரியிலும் சொல்லவில்லை.

பனி நாட்டின் பாடம்

ஐம்பத்தைந்து லட்சம் ஜனங்களே உள்ள நார்வே நாட்டில், விளையாட்டில் குழந்தைகளின் உரிமை என்று ஒரு விதித் தொகுப்பே இருக்கிறது. 11 வயதுக்கு முன்னால் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடக் கூடாது. 13 வயதுக்கு முன்னால் தேசியப் பட்டம் கிடையாது. குழந்தைகள் ஆடலாம், பந்தயமும் ஓடலாம். தரம் பிரித்து முத்திரை குத்துவதுதான் கூடாது. அதனால் அந்த நாடு சோம்பிப் போயிற்றா? 2018-ல் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடு முதலிடம். 2022-ல் 16 தங்கத்தோடு மறுபடியும் முதலிடம். இந்த விதி ஒன்றினால்தான் பதக்கம் குவிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பனி உண்டு, பணமும் உண்டு. ஆனால் குழந்தைகளை எல்லாம் ஆட விட்டதால் பதக்கம் குறையவில்லை என்பது நிச்சயம்.

ஜப்பான் பள்ளிகளின் விளையாட்டு விழாவில் பள்ளி முழுவதையும் சிவப்பு, வெள்ளை என்று இரு கட்சியாகப் பிரித்து விடுகிறார்கள். எல்லாப் பிள்ளையும் ஏதாவது ஒன்றில் இறங்கித் தன் கட்சிக்குப் புள்ளி சேர்க்க வேண்டும். அங்கே செருப்புக்குக் காவல் வேலை காலி!

நம் பெரியகுளம் மட்டும் என்ன குறைச்சல்? கோடை வந்தால் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு எங்கெங்கிருந்தோ அணிகள் வருகின்றன. போட்டி நடப்பது சில நாள்தான். மற்ற நாட்களில் மாலை வேளையில் பந்து தட்டும் சத்தம் கேட்டால்தான் ஓர் ஊருக்கு அந்தச் சில நாள் அர்த்தப்படும். போட்டி திருவிழா. தினசரி ஆட்டம் சாப்பாடு. திருவிழாவை மட்டும் வைத்துக் கொண்டு வயிறு வளர்க்க முடியுமா?

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: பி.டி. பீரியடைக் கடன் கொடுக்கக் கூடாது. கணக்குப் பரீட்சையே நாளைக்கு என்றாலும் கூடாது.

இரண்டு: ஐந்தாம் வகுப்பு வரை ஆட்டம் உண்டு, பந்தயம் உண்டு, பட்டியல் வேண்டாம்.

மூன்று: பள்ளிக்குள்ளே வகுப்புக்கு வகுப்பு போட்டி வையுங்கள். வகுப்பில் உள்ள நாற்பது பேரும் ஓடட்டும். நாற்பது பேரின் நேரத்தைக் கூட்டிச் சராசரி எடுங்கள். அதுவே வகுப்பின் நேரம். முதலாவதாக ஓடுகிறவன் அரை விநாடி குறைப்பதற்குள் மூச்சு முட்டும். கடைசியாக வருகிறவனோ ஒரு மாதப் பழக்கத்தில் மூன்று விநாடி குறைத்து விடுவான். அப்போது என்ன ஆகும் தெரியுமா? வகுப்பே அவன் பின்னால் நின்று "ஓடுடா, ஓடுடா" என்று கத்தும். நேற்றுவரை கேலி செய்தவர்கள் இன்று அவனுக்குப் பயிற்சி கொடுப்பார்கள்!

நான்கு: பயிற்சியைப் பள்ளி நேரத்திலேயே வையுங்கள். விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போகிற தாயின் மகள், காலை ஆறு மணிப் பயிற்சிக்கு எப்படி வருவாள்? தம்பியைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு அனுப்புவது யார்? அவளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது அநியாயம். அவளுக்கு நேரம் இல்லை.

ஐந்து: உடற்கல்வி ஆசிரியரை முழு நேர ஆசிரியராக வைத்து, முழுச் சம்பளம் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "எத்தனை கோப்பை?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினார்கள்?" என்று கேளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மாவட்டத்தில், மாநிலத்தில் கடும் போட்டி நடக்கட்டும். அங்கே பலசாலி வெல்லட்டும், தோற்றவன் கை குலுக்கட்டும். ஆயிரம் பேர் ஓடிய பள்ளியிலிருந்து வரும் பத்துப் பேர், நூறு பேர் மட்டும் ஓடிய பள்ளியிலிருந்து வரும் பத்துப் பேரை விட நிச்சயம் கெட்டிக்காரர்களாகவே இருப்பார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பியிருக்கிறது. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பத்திரிகையில் பார்த்து எல்லோரும் பெருமைப்படலாம். ஆனால் விவசாயி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?"

பள்ளி அலமாரியில் எத்தனை கோப்பை என்பது அணையின் அடிக்கணக்கு மாதிரி. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாளே அந்தச் சிறுமி, அவள்தான் கடைமடை.

அடுத்த தடவை நான் அந்த மைதானத்துக்குப் போகும்போது அவளும் கோட்டுக்குள் நிற்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, மூச்சு வாங்க ஆடித் தோற்கட்டும். செருப்பு எங்கே போகும்? அது பாட்டுக்கு மரத்தடியில் கிடக்கட்டுமே!